ஆர்என்ஏ மருந்தும் அதன் ஏந்தியும்: அறிவு யாருடையது?

(அறிவியலும் சமூகமும் என்னும் பொருளில் கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2021ஆம் ஆண்டின் மே மாதத்தை எவரும் மறந்திருக்க இயலாது. கோவிட் இரண்டாம் அலை ஓயுமுன்பே கருப்புப் பூஞ்சை நோய் பரவியது. சர்க்கரை நோய் உள்ளவர்களையும் ஸ்டீராய்டு மிகுதியாகக் கொடுக்கப்பட்டவர்களையும் அது தேடித் தாக்கியது. பலர் கண்ணை இழந்தனர். பலர் உயிரையே இழந்தனர். அதற்கான மருந்து ஆம்ஃபோடெரிசின். 1950களில் கண்டறியப்பட்ட பழைய மருந்து. அம்மூலக்கூறின்மீது எந்த நிறுவனத்துக்கும் இன்று காப்புரிமை கிடையாது. இருந்தும் நகரந்தோறும் மருத்துவர் எழுதிய சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு குடும்பங்கள் கடை கடையாக அலைந்தன.

காரணம் சீட்டில் இருந்த ஒரு சொல்லில் அடங்கியிருந்தது. மருத்துவர்கள் எழுதியது 'லிப்போசோமல்' ஆம்ஃபோடெரிசின். அதாவது நுண்ணிய கொழுப்புக் குமிழிக்குள் வைத்து அனுப்பப்படும் ஆம்ஃபோடெரிசின். பழைய வடிவம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குமிழிக்குள் வைத்துச் செலுத்தினால் அந்தக் கேடு பெரிதும் குறையும். கூடுதல் அளவில் கொடுக்கவும் முடியும். நாட்டில் அதை ஆக்கும் நிறுவனங்கள் மிகச் சில. அவற்றுக்கு வேண்டிய தூய கொழுப்பு மூலப்பொருளோ வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. கடைசியில் கிலியட் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் குப்பிகள் விமானங்களில் கொண்டுவரப்பட்டன. மருந்தைக் காட்டிலும் மருந்தைச் சுமந்து செல்லும் பொருள் அரிதாகிப்போன நாள்கள் அவை.

அந்தச் சுமக்கும் பொருளே இவ்வுரையின் பொருள். ஆங்கிலத்தில் கேரியர் எனப்படும் அதற்குத் தமிழில் கடத்தி, ஊர்தி, வாகனம் எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. கடத்தி மின்சாரத்துக்கு உரிய சொல். ஊர்தி ஓடும், ஆனால் பொத்திக் காக்கும் பொருள் அச்சொல்லில் இல்லை. ஏந்தி என்பதே பொருந்துகிறது. ஒன்றை ஏந்திச் செல்பவர் அதைச் சிந்தாமல் காக்கவும் வேண்டும், சேர வேண்டிய இடத்தில் இறக்கி வைக்கவும் வேண்டும். இவ்விரண்டில் இரண்டாவது எவ்வளவு கடினம் என்பதில்தான் ஆர்என்ஏ மருத்துவத்தின் வரலாறு முழுவதும் இருக்கிறது.

உயிரணுவின் உட்கருவில் இருக்கும் டிஎன்ஏ, பத்திரப் பதிவு அலுவலகத்தின் பூட்டிய அறையில் இருக்கும் மூலப் பதிவேட்டைப் போன்றது. அது வெளியே வருவதில்லை. தேவைப்படும் பக்கத்துக்கு மட்டும் நகல் எடுக்கப்படுகிறது; அந்த நகலே எம்ஆர்என்ஏ. நகல் வெளியே வந்து, புரதம் செய்யும் பட்டறையில் படிக்கப்பட்டு, சிறிது காலத்தில் கிழித்தெறியப்படுகிறது. ஆர்என்ஏ மருந்து என்பது இந்த நகலின் கட்டத்தில் தலையிடுவது. வேண்டிய புரதத்தைச் செய்யச் சொல்லும் புதிய நகலை உள்ளே அனுப்பலாம். கோவிட்டுக்கு எதிரான எம்ஆர்என்ஏ தடுப்பூசிகள் இவ்வகை. கேடு செய்யும் புரதத்தின் நகலைத் தேடிப்பிடித்து அழிக்கும் குறுகிய ஆர்என்ஏ துண்டை அனுப்பலாம். இதற்கு வழிகாட்டிய ஆர்என்ஏ குறுக்கீட்டை 1998இல் விளக்கிய ஆண்ட்ரூ ஃபயர், கிரேக் மெல்லோ இருவருக்கும் 2006இல் நோபல் பரிசு கிடைத்தது. மூலப் பதிவேட்டில் கைவைக்காமலே நோயைத் தடுக்கலாம் என்பது இம்முறையின் கவர்ச்சி. எழுத்துகளின் வரிசை தெரிந்தால் மருந்தை வாரக்கணக்கில் வடிவமைத்துவிடலாம் என்பது மற்றொரு கவர்ச்சி.

ஆனால் உள்ளே அனுப்புவது எப்படி? ஆர்என்ஏவுக்கு உடலில் நண்பர்கள் இல்லை. அதைச் சிதைக்கும் நொதிகள் இரத்தத்திலும் வியர்வையிலும் தோலின் மேற்பரப்பிலும்கூட நிறைந்துள்ளன. வெறும் ஆர்என்ஏவை ஊசிமூலம் செலுத்தினால் சில நிமிடங்களில் அது துண்டுதுண்டாகிவிடும். தப்பிப் பிழைத்தாலும் உயிரணுவின் சவ்வைக் கடக்க முடியாது. ஆர்என்ஏ எதிர்மின்னூட்டம் கொண்டது; சவ்வின் வெளிப்புறமும் அப்படியே. ஒன்றையொன்று விலக்கும். அளவும் பெரிது. ஆஸ்பிரின் மூலக்கூறில் 21 அணுக்கள்தாம் உள்ளன. தடுப்பூசியில் உள்ள எம்ஆர்என்ஏவிலோ 4,000க்கும் மேற்பட்ட எழுத்துகள், ஒவ்வோர் எழுத்திலும் முப்பதுக்கும் மேற்பட்ட அணுக்கள். அழிக்கும் வகையைச் சேர்ந்த குறுந்துண்டுகூட 21 எழுத்து இணைகள் அளவில் இருக்கும்.

தீர்வின் தொடக்கம் மருந்துத் தொழிலில் நிகழவில்லை. 1960களில் கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள பாப்ரஹாம் ஆய்வு நிறுவனத்தில் அலெக் பாங்கம், உயிரணுச் சவ்வில் உள்ள கொழுப்பு வகைகளை நீரில் கலந்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார். அவை தாமாகவே மூடிய குமிழிகளாக அமைந்திருந்தன. நீரை விரும்பும் தலை வெளியே, நீரை வெறுக்கும் வால் உள்ளே என்னும் எளிய விதியே அக்குமிழியைக் கட்டுகிறது. மருந்து செய்யும் நோக்கம் அவருக்கு இருக்கவில்லை. உயிரணுச் சவ்வு எப்படி வேலை செய்கிறது என்பதே அவருடைய கேள்வி. அரசுப் பணத்தில் நடந்த, உடனடிப் பயன் எதுவும் கேட்கப்படாத ஆய்வு அது. 1978இல் முயலின் எம்ஆர்என்ஏ அத்தகைய குமிழியில் அடைத்துச் சுண்டெலியின் நிணநீர் அணுக்களுக்குள் செலுத்தப்பட்டது. சுண்டெலியின் அணு முயலின் புரதத்தைச் செய்தது. வழி இருக்கிறது என்பது அன்றே தெரிந்துவிட்டது. அந்த வழியில் மனித உடலுக்குள் நடக்க மேலும் 40 ஆண்டுகள் ஆயின.

1987இல் ஃபிலிப் ஃபெல்க்னர் குழு நேர்மின்னூட்டம் கொண்ட கொழுப்பைச் செய்தது. எதிர்மின் ஆர்என்ஏவும் டிஎன்ஏவும் அதனுடன் ஒட்டிக்கொண்டன. ஆய்வுக்கூடத் தட்டில் வளர்ந்த அணுக்களுக்குள் எளிதாகப் புகுந்தன. உடலுக்குள் செலுத்தியபோது சிக்கல் வந்தது. நேர்மின் துகள் இரத்தத்தில் உள்ள புரதங்கள் எல்லாவற்றுடனும் ஒட்டியது. அணுக்களின் சவ்வைச் சிதைத்தது. நோய் எதிர்ப்பு அமைப்பைக் கிளறிவிட்டது. நேர்மின் வேண்டும், அது இல்லாவிட்டால் ஆர்என்ஏவைப் பிடிக்க முடியாது. நேர்மின் கூடாது, அது இருந்தால் உடல் தாங்காது. இந்த முரண்பாடே அடுத்த கால் நூற்றாண்டின் வேலை.

கனடாவின் வான்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியா என்னும் பொதுப் பல்கலைக்கழகத்தில், பீட்டர் கல்லிஸ் குழுவினரும் அங்கிருந்து கிளைத்த சிறு நிறுவனங்களும் இதற்கு விடை கண்டனர். சூழலுக்கு ஏற்ப மின்னூட்டத்தை மாற்றிக்கொள்ளும் கொழுப்பே அந்த விடை. அமிலச் சூழலில் அது நேர்மின் பெறும். இரத்தத்தில் ஏறக்குறைய நடுநிலையாக இருக்கும். இதை மின்னேற்கும் லிப்பிட் என்று அழைக்கலாம். துகளைக் கட்டும்போது அமிலக் கரைசல், ஆகவே லிப்பிட் ஆர்என்ஏவைப் பற்றிக்கொள்கிறது. கட்டி முடித்ததும் அமிலம் நீக்கப்படுகிறது, துகள் சாதுவாகிவிடுகிறது. உயிரணு அத்துகளை உணவென்று எண்ணி விழுங்கி எண்டோசோம் எனப்படும் சிறு பைக்குள் வைக்கிறது. அந்தப் பை படிப்படியாக அமிலமாக மாறும். உள்ளே இருப்பதைச் செரிப்பதற்காக உயிரணு செய்யும் ஏற்பாடு அது. அந்த அமிலமே லிப்பிட்டை மறுபடி நேர்மின் ஆக்குகிறது. நேர்மின் பெற்ற லிப்பிட் பையின் சுவரிலுள்ள எதிர்மின் கொழுப்புடன் இணைகிறது. இணைந்த இரட்டை கூம்பு வடிவம் கொள்வதால் தட்டையான சுவர் நிலைகுலைந்து கிழிகிறது. ஆர்என்ஏ வெளியே வருகிறது. செரிப்பதற்காக உயிரணு அனுப்பிய அமிலமே பொட்டலத்தைப் பிரிக்கும் கை ஆகிவிடுகிறது.

மாறும் புள்ளி எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் நுட்பம். இரத்தத்தின் அமில கார அளவு 7.4, பையினுள் அது 6க்குக் கீழே இறங்கும். லிப்பிட் மின்னேற்கும் புள்ளி 6.2க்கும் 6.5க்கும் இடையில் இருந்தால்தான் மருந்து நன்கு வேலை செய்கிறது எனப் பல டஜன் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகச் செய்து, சுண்டெலியில் சோதித்து அறிந்தனர். எம்சி3 என்று பெயரிடப்பட்ட லிப்பிட் அப்படிப் பிறந்தது. அதைக் கொண்டு கட்டிய துகளில் ஒரு கிலோ உடல் எடைக்கு 0.005 மில்லிகிராம் ஆர்என்ஏ போதும், சுண்டெலியின் கல்லீரலில் குறித்த மரபணுவின் வெளிப்பாடு பாதியாகக் குறைந்தது. 2012இல் வெளிவந்த அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் முத்துசாமி ஜெயராமன். ஆய்வில் கைகோத்த பாஸ்டன் பகுதி நிறுவனமான ஆல்நைலத்தின் வேதியியல் பிரிவை வழிநடத்தியவர் முத்தையா மனோகரன். பெயர்களைக் கேட்டதும் தோழர்கள் சிலர் நிமிர்ந்து உட்காரக்கூடும். பெருமைப்படலாம், கூடவே, இத்திறமைக்கு இங்கே ஏன் ஆய்வுக்கூடம் அமையவில்லை என்றும் கேட்கலாம்.

துகளில் வேறு மூன்று பொருள்களும் உண்டு. கொலஸ்ட்ரால் இடைவெளிகளை நிரப்பிச் சுவருக்கு உறுதி தருகிறது. பாஸ்போலிப்பிட் ஒன்று கட்டமைப்புக்கு உதவுகிறது. பாலிஎத்திலீன் கிளைக்கால் இணைத்த லிப்பிட் மேற்பரப்பைப் போர்த்தி, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடாமல் தடுக்கிறது. 100 மூலக்கூறுகளில் ஒன்றரை அளவே அது. ஆனால் அதன் வேலை விசித்திரமானது. வழிநெடுகப் போர்வை இருந்தால் உயிரணு துகளை ஏற்காது. போர்வையே இல்லாவிட்டால் குப்பிக்குள்ளேயே துகள்கள் திரண்டுவிடும். எனவே உடலில் நுழைந்த பின் தானாக உரிந்து விழும்படி அதன் கொழுப்பு வாலின் நீளத்தைக் குறைத்து அமைக்கின்றனர். இப்படிக் கட்டிய துகளின் குறுக்களவு ஏறத்தாழ 100 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் 10,000 துகள்களை வரிசையாக அடுக்கலாம்.

கட்டும் முறையும் எளிதன்று. எத்தனாலில் கரைத்த லிப்பிட்டுகளும் அமில நீரில் கரைத்த ஆர்என்ஏவும் குறுகிய குழாயில் மோதி, மில்லிநொடிகளில் கலக்க வேண்டும். மெதுவாகக் கலந்தால் துகள்கள் ஒரே அளவில் அமையா. 2020இல் ஃபைசர் நிறுவனம் கோடிக்கணக்கில் தடுப்பூசி செய்ய முற்பட்டபோது இடறிய இடமும் இதுவே. கலக்கும் கருவி ஒரு நாணயத்தின் அளவு. அதைப் பெரிதாக்கினால் கலவை கெடுகிறது. ஆகவே பெரிதாக்காமல், அதே சிறு கருவியைப் பல மடங்கு பெருக்கி அடுக்கினர். ஒரு முறைக்கு வேண்டிய எம்ஆர்என்ஏ 30 மைக்ரோகிராம் மட்டுமே. ஒரு கிராமில் 33,000 பேருக்குப் போடலாம். அந்த ஒரு கிராமைத் துகளாக்கும் லிப்பிட்டுக்கும் கலவைத் திறனுக்கும்தான் உலகம் காத்திருந்தது.

இவ்வளவு செய்தும் ஏந்தி இன்னும் திறமை குறைந்ததே. ஜெர்மனியின் டிரெஸ்டனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் 2013இல் எண்ணிப் பார்த்தபோது, உயிரணு விழுங்கிய ஆர்என்ஏவில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் பையிலிருந்து தப்பி வெளிவருகிறது எனத் தெரிந்தது. எஞ்சியது செரிக்கப்பட்டுவிடுகிறது. இன்னொரு குறை, இரத்தத்தில் செலுத்திய துகள் பெரும்பாலும் கல்லீரலுக்கே போகிறது. இரத்தத்திலுள்ள ஈ வகை அபோலிப்போபுரதம் துகளின்மேல் வந்து படிகிறது. கொழுப்பைச் சுமக்கும் இயற்கைத் துகள் இதுவும் என்று கருதிக் கல்லீரல் அணு உள்ளே இழுத்துக்கொள்கிறது. கல்லீரல் நோய்க்கு இது வரம். மற்ற உறுப்புகளுக்கு வழி அடைந்துவிடுகிறது. இதனாலேயே இத்துகளில் வந்த முதல் மருந்து கல்லீரலில் சுரக்கும் புரதத்தைக் குறிவைத்தது.

அந்த மருந்தின் பெயர் பாட்டிசிரான். டிரான்ஸ்தைரெடின் என்னும் புரதம் பிறழ்ந்து நரம்புகளில் படிந்து கைகால்களை முடக்கும் பரம்பரை நோய்க்கானது. 2018 ஆகஸ்டில் அமெரிக்கா அனுமதித்தது. மூன்று வாரங்களுக்கு ஒரு முறை நரம்பில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் முன்னதாக ஸ்டீராய்டு கொடுக்க வேண்டும். படுக்கையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தவர்களின் நோய் நின்றது, சிலர் தேறினர். உண்மையான சாதனை. ஆண்டுக்கு அறிவித்த விலை 4,50,000 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 3 கோடி ரூபாய்.

இங்கே நிறுவனங்களின் பக்கத்தில் சொல்லப்படுவதையும் கேட்க வேண்டும். ஆல்நைலம் 16 ஆண்டுகள் ஒரு மருந்தும் விற்காமல் பணத்தைக் கொட்டியது. 2010இல் ரோஷ் போன்ற பெரிய நிறுவனங்கள் இத்துறையைக் கைவிட்டு வெளியேறின. உள்ளே இருந்தவர்கள் பலர் வேலை இழந்தனர். இடர் ஏற்றவர்களுக்கு ஊதியம் வேண்டாமா என்பது வாதம். இடர் இருந்தது உண்மை. அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் இடரை யார் ஏற்றார்கள் என்று முழுக் கணக்கும் பார்க்க வேண்டும். கூடவே, கைவிட்டுப் போன பெருமூலதனம் திரும்பி வந்தது எப்போது என்றும் பார்க்க வேண்டும்.

எம்ஆர்என்ஏ ஆய்வாளர் காத்தலின் கரிக்கோ ஓர் இறைச்சிக் கடைக்காரரின் மகள். சோசலிச ஹங்கேரியின் செகெட் நகரில் அரசுப் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்குள்ள அரசு உயிரியல் ஆய்வு மையத்தில் ஆர்என்ஏ ஆய்வைத் தொடங்கினார். 1985இல் அங்கே நிதி நின்றது, அமெரிக்கா சென்றார். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் மானியம் கொண்டுவர முடியாதவர் என்று 1995இல் அவரைப் பதவியிறக்கியது. அவரும் ட்ரூ வைஸ்மனும் ஓர் எழுத்தை மாற்றி எம்ஆர்என்ஏவின் அழற்சியைத் தணித்த 2005ஆம் ஆண்டுக் கட்டுரையை அன்று பொருட்படுத்தியவர்கள் குறைவு. 2023இல் நோபல் பரிசு. இரு அமைப்புகளும் அவரைக் கைவிட்டன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயினும் அடிப்படைப் பயிற்சியைக் கட்டணமின்றித் தந்தது எது என்பதும் பதிவில் இருக்கிறது. பணக் கணக்கும் உண்டு. அமெரிக்க அரசு எம்ஆர்என்ஏ கோவிட் தடுப்பூசிகளின் ஆய்வுக்கும் ஆக்கத்துக்கும் கொள்முதலுக்கும் செலவிட்டது குறைந்தது 3,190 கோடி டாலர் என பிஎம்ஜே மருத்துவ இதழ் 2023இல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. அதில் 33.7 கோடி டாலர், பெருந்தொற்று வருமுன்பே பல ஆண்டுகளாகக் கொடுத்தது.

பொதுப் பணத்தில் விளைந்த இந்த ஏந்திக்காக நிறுவனங்கள் நடத்தும் வழக்குகள் ஒரு தனிக் காட்சி. 2022 பிப்ரவரியில் ஆர்புட்டஸும் ஜெனவன்ட்டும் மாடர்னாமீது வழக்குத் தொடுத்தன. துகளின் கலவை விகிதம் தம்முடையது என்பது வழக்கு. மார்ச்சில் ஆல்நைலம் ஃபைசர்மீதும் மாடர்னாமீதும் வழக்குத் தொடுத்தது. மின்னேற்கும் லிப்பிட் தம்முடையது என்றது. ஆகஸ்டில் மாடர்னா ஃபைசர்மீதும் பயோஎன்டெக்மீதும் வழக்குத் தொடுத்தது. வழக்குகளில் மாடர்னா எடுத்த ஒரு வாதம் சுவையானது: அரசுக்காக, அரசு ஒப்பந்தத்தின்கீழ் செய்த குப்பிகளுக்குத் தம்மிடம் இழப்பீடு கேட்கக் கூடாது, அரசிடமே கேட்க வேண்டும் என்றது. அமெரிக்கச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. எந்தக் காப்புரிமையையும் அரசின் தேவைக்கு அனுமதியின்றிப் பயன்படுத்திக்கொண்டு, பின்னர் நியாயமான தொகை கொடுக்கலாம் என்பது நூறாண்டுக்கும் மேற்பட்ட பழைய விதி. ஏழை நாடுகள் இதே உரிமையைக் கேட்டால் மட்டும் புதுமை அழிந்துவிடும் என்கின்றனர்.

2020 அக்டோபர் 2ஆம் நாள் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் உலக வர்த்தக அமைப்பில் அதைத்தான் கேட்டன. கோவிட் மருந்து, தடுப்பூசி, கருவி எல்லாவற்றுக்கும் அறிவுசார் சொத்துரிமையைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க வேண்டும் என்றன. ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் ஸ்விட்சர்லாந்தும் எதிர்த்தன. 20 மாதங்கள் இழுத்து 2022 ஜூனில் கிடைத்தது, தடுப்பூசிக் காப்புரிமைக்கு மட்டுமான ஒரு மெலிந்த முடிவு. அதற்குள் அலைகள் ஓய்ந்துவிட்டன.

ஆனால் காப்புரிமை நீங்கினால் மட்டும் போதுமா என்பது தோழர்கள் ஆழ்ந்து எண்ண வேண்டிய கேள்வி. நம் நாட்டுச் சட்டம் பலவீனமானதன்று. 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போது இடதுசாரிக் கட்சிகளின் வற்புறுத்தலும் சேர்ந்து கொண்டுவந்த 3(டி) பிரிவு, பழைய மருந்தைச் சிறிதே மாற்றிப் புதுக் காப்புரிமை பெறுவதைத் தடுக்கிறது. அதன் விளக்கத்தில் வரும் பட்டியலில் துகளின் அளவு என்பதும் ஒன்று. குணமளிக்கும் திறன் குறிப்பிடத்தக்க அளவு மாறினாலொழிய, வெறுமனே துகளைச் சிறிதாக்கியதற்குக் காப்புரிமை இல்லை. நானோ மருந்துகள் பெருகப்போகும் காலத்தில் அந்த ஒரு சொல்லின் மதிப்பு அதிகம். 2012இல் புற்றுநோய் மருந்தான நெக்சவாருக்குக் கட்டாய உரிமம் வழங்கியபோது மாதத்துக்கு 2,80,000 ரூபாயாக இருந்த மருந்து 8,800 ரூபாய்க்கு வந்ததும் இதே சட்டத்தின் வலிமையால்தான்.

நெக்சவார் ஒரு மாத்திரை. அதன் மூலக்கூறு தெரிந்தால் திறமையான வேதியியலர் அதைச் செய்துவிடுவார். ஆர்என்ஏ ஏந்தி அப்படிப்பட்டதன்று. எந்த வேகத்தில் கலப்பது, எத்தனாலை எப்படி நீக்குவது, உறைந்து உருகும்போது துகள் உடையாமல் எதைச் சேர்ப்பது என்பவை காப்புரிமை ஆவணத்தில் முழுமையாக எழுதப்படுவதில்லை. தொழிலாளர், பொறியாளர், ஆய்வாளர் கைகளில் படிந்திருக்கும் அறிவு அது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில், ஆஃப்ரிஜென் நிறுவனத்தை நடுவாகக் கொண்டு எம்ஆர்என்ஏ தொழில்நுட்ப மையத்தை அமைத்தபோது, மாடர்னாவும் ஃபைசரும் அந்த அறிவைப் பகிர முன்வரவில்லை. வெளியாகியிருந்த மாடர்னாவின் வரிசையை அடிப்படையாக வைத்து, 2022 தொடக்கத்தில் கேப்டவுன் ஆய்வாளர்கள் தாங்களே ஆய்வுக்கூட அளவில் செய்து காட்டினர். அவர்களிடமிருந்து தொழில்நுட்பம் பெறத் தேர்ந்தெடுக்கப்பட்ட நிறுவனங்களில் ஐதராபாத்தின் பயோலாஜிக்கல் ஈ நிறுவனமும் ஒன்று.

இந்தியாவில் எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. புனேயின் ஜெனோவா நிறுவனம் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் நிதியுதவியுடன் செய்த எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு 2022 ஜூனில் அவசரகால அனுமதி கிடைத்தது. அதை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்கலாம். ஃபைசரின் தடுப்பூசி தொடக்கத்தில் கேட்டது கழித்தல் 60க்கும் கீழான குளிரை. ஆரம்ப சுகாதார நிலையத்தின் குளிர்பெட்டிக்கு ஏற்ற மருந்து என்பது சிறிய சாதனை அன்று. ஆனால் அதன் ஏந்தி அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள ஒரு நிறுவனத்திடம் உரிமம் பெற்றது. அந்த ஏந்தி குறித்தே பின்னர் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கும் எழுந்தது. மறுபடியும் ஏந்தி! ஐதராபாத்தின் அரசு ஆய்வு நிறுவனமான உயிரணு மூலக்கூறு உயிரியல் மையம், 2022இல் தன் வளாகத்திலேயே எம்ஆர்என்ஏ தடுப்பூசி முறையை உருவாக்கி எலிகளில் சோதித்து அறிவித்தது. அடுத்த படி ஆலை. பல நூறு கோடி ரூபாய் பொதுப் பணத்தில் செங்கல்பட்டில் எழுந்த தடுப்பூசி வளாகமோ பெருந்தொற்றின் உச்சத்திலும் ஒரு குப்பி தயாரிக்காமல் நின்றது.

கொழுப்பு ஏந்தி ஏழைகளைச் சென்றடைந்த வரலாறும் இந்நாட்டில் உண்டு. பீகாரின் காலா அசார் காய்ச்சலுக்குப் பழைய ஆம்ஃபோடெரிசினை ஒரு நாள் விட்டு ஒரு நாளாக 15 முறை ஏற்ற வேண்டும்; கூலி வேலைக்காரர் ஒரு மாதம் மருத்துவமனையில் கிடக்க வேண்டும். லிப்போசோமல் வடிவத்தை ஒரே ஒரு முறை ஏற்றினாலே அதே குணம் கிடைக்கும் என்று முசாபர்பூரில் நடத்திய ஆய்வின் வாயிலாக, பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் ஷியாம் சுந்தரும் அவருடைய குழுவினரும் 2010இல் காட்டினர். ஏழையின் நோய்க்கு ஏந்தியை எப்படிப் பயன்படுத்துவது என்பதை உலகுக்குச் சொன்னது பீகார். ஆனால் ஒழிப்புத் திட்டத்துக்குக் குப்பிகள் வந்தது கிலியட் நிறுவனத்தின் நன்கொடையாக. கொடுப்பவர் விரும்பும் வரை வரும்.

இப்போது ஆய்வு எங்கே நிற்கிறது? கல்லீரலைத் தாண்டுவதே முதன்மையான முயற்சி. டெக்சாஸில் டேனியல் சீக்வார்ட் குழு 2020இல் நான்கு லிப்பிட்டுகளுடன் ஐந்தாவது ஒன்றைச் சேர்த்து, அதன் மின்னூட்டத்தை மாற்றுவதன் மூலம் துகளை நுரையீரலுக்கோ மண்ணீரலுக்கோ திருப்பலாம் எனச் சுண்டெலிகளில் காட்டியது. 2025இல் பிலடெல்பியாவில், அரிய கல்லீரல் குறைபாட்டுடன் பிறந்த ஒரு குழந்தைக்கென்றே மரபணுத் திருத்த மருந்து ஆறே மாதத்தில் செய்து இத்துகளில் வைத்துக் கொடுக்கப்பட்டது. குழந்தை தேறி வீடு சென்றது. அது கல்லீரல் நோயாக இருந்ததால் அது முடிந்தது.

1952இல் லேமனும் கட்புஷ்ஷும் நீலகிரியின் பழங்குடி மக்களிடையே அரிவாள் வடிவ இரத்த அணுக்களைக் கண்டு எழுதினர். இந்தியாவில் அந்நோய் பற்றிய தொடக்க அறிக்கைகளுள் ஒன்று அது. அதன்பின் குஜராத்திலும் மகாராஷ்டிராவிலும் மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் ஆதிவாசி மக்களிடம் பெருமளவில் காணப்பட்டது. ஒரே ஓர் எழுத்துப் பிழையால் வரும் நோய். 2023 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்த மரபணுத் திருத்தச் சிகிச்சையில், இரத்த மூல அணுக்களை வெளியே எடுத்துத் திருத்தி, எலும்பு மஜ்ஜையைக் கடும் மருந்தால் வெறுமையாக்கி, அவற்றைத் திரும்பச் செலுத்துகின்றனர். மாதக்கணக்கில் பெரிய மருத்துவமனை வேண்டும். அறிவித்த விலை 22 லட்சம் டாலர். பஸ்தரிலிருந்து எவரும் அங்கே போகப்போவதில்லை. மஜ்ஜையைத் தேடிச் செல்லும் ஏந்தி இருந்தால் வெளியே எடுக்கும் வேலையே இல்லாமல் ஊசியில் முடியலாம். அதே 2023இல் பிலடெல்பியா ஆய்வாளர்கள், மூல அணுக்களை அடையாளம் காணும் எதிர்ப்புரதத்தைத் துகளின்மேல் ஒட்டி, சுண்டெலியின் மஜ்ஜையை அடைந்தனர். நோயாளிகளின் அணுக்களில் அந்த ஒற்றைப் பிழையை ஆய்வுக்கூடத் தட்டில் திருத்தியும் காட்டினர். மனிதருக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும்.

நம் அரசு 2023 ஜூலையில் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் அரிவாள் அணு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது, 2047க்குள் ஒழிப்பது என்பன இலக்குகள். பரிசோதனை தேவை, அட்டையும் ஆலோசனையும் தேவை. எம்சி3 போன்ற முதல் தலைமுறை லிப்பிட்டுகளுக்கு 2010ஐ ஒட்டி விண்ணப்பித்த காப்புரிமைகளின் 20 ஆண்டுக் காலம் 2030ஐ ஒட்டி முடிகிறது. மஜ்ஜைக்குச் செல்லும் அடுத்த தலைமுறை ஏந்திகளுக்கான விண்ணப்பங்களோ இப்போதே குவிகின்றன. நாடாளுமன்றத்தில் இவ்வியக்கம் பற்றிக் கேள்வி எழும்போது, எத்தனை பேருக்குப் பரிசோதனை முடிந்தது என்பதோடு, மஜ்ஜையை அடையும் ஏந்திக்காக எந்தப் பொது ஆய்வுக்கூடத்தில் எத்தனை பேர் வேலை செய்கின்றனர், அவர்களுக்கு வேண்டிய லிப்பிட் எந்த நாட்டிலிருந்து என்ன விலைக்கு வருகிறது, அதை இங்கேயே செய்ய எந்தப் பொதுத்துறை ஆலைக்கு ஆணை கொடுக்கப்பட்டது என்பவையும் கேட்கப்பட வேண்டும்.